ஆறு நாள் பாய்

கத்தரிக்காய் வாங்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? பாய்க்கு அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு காயாக எடுத்து, காம்பு மேலே, காம்பு கீழே, இடது, வலது, வயிறு, முதுகு என்று ஆறு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டு வாங்கினாலாவது பரவாயில்லை. "நாளைக்கு வந்து பாக்குறேன்" என்று கூடையிலேயே வைத்துவிட்டு வந்துவிடுவார். அவர் தலை தெரிந்தாலே காய்க்கார அக்கா கூடை மேல் சாக்கை இழுத்து மூடுவார். மன்னார்குடியில் எங்கள் தெரு அவருக்கு வைத்த பெயர் ஆறு நாள் பாய். அது அவருக்கும் தெரியும். கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பார்.

நான் அப்போது தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் கூரியர் ஆபீஸ் நடத்திக்கொண்டிருந்தேன். ஆபீஸ் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தை. ஒரு மேஜை, ஒரு தராசு, ஒரு கம்ப்யூட்டர், சுவரோரம் ஒரு ரேக், நடுவில் நான். மாடியில் ஒரே ஒரு அறை காலியாகக் கிடந்தது. அதைத்தான் பாய் வாடகைக்கு எடுத்தார். துபாயில் விலையுயர்ந்த கைக்கடிகாரங்களைப் பழுது பார்க்கும் ஒர்க்‌ஷாப்பில் பத்தொன்பது வருஷம் இருந்துவிட்டு, மனைவி காலமான பிறகு மகளைத் தனியாக விட மனமில்லாமல் ஊருக்கு வந்துவிட்டவர் என்பதெல்லாம் பிறகு தெரிந்தது. முதலில் எனக்குத் தெரிந்தது, மாடிக்கு ஒரு கடிகாரக்காரர் வந்திருக்கிறார் என்பது மட்டும்தான். உடனே ஆபீஸில் நின்றுபோயிருந்த சுவர்க்கடிகாரத்தைக் கழற்றிக்கொண்டு படியேறிவிட்டேன்.

"பேட்டரி தீந்திருக்கும் பாய். நீங்களே ஒண்ணு போட்டுக் குடுத்துருங்க."

"அது நீங்க சொல்றது" என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

ஆறு நாள் கழித்து இறங்கி வந்தார். கடிகாரத்தை மேஜை மேல் மெதுவாக வைத்தார்.

"பேட்டரிதான்" என்றார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. "இதச் சொல்றதுக்கா பாய் ஆறு நாளு?" என்றேன்.

"போட்ட அன்னைக்கே ஓடிருச்சு. நல்லா ஓடுதான்னு தெரிய வேணாமா?"

அந்த ஆறு நாள் கணக்கை அன்றைக்கே விளக்கினார். அவர் பார்க்கிற கடிகாரங்களில் பேட்டரி கிடையாது. உள்ளே சுருட்டி வைத்த ஒரு வில், அது மெல்ல மெல்ல அவிழும் வேகத்தில் பல்சக்கரங்கள் ஓடும்.

"கைய வீசி நடக்குறோம். தலைக்கு அடியில கைய மடிச்சு வச்சுத் தூங்குறோம். கழட்டி மேஜை மேல குப்புறப் போடுறோம். ஒவ்வொரு கெடைக்கும் அது ஒவ்வொரு மாதிரி ஓடும் தங்கச்சி. பூமி இழுக்குதுல்ல. மல்லாக்கக் கெடக்கையில அச்சுப் பிசகாம ஓடும். ஒருக்களிச்சு வச்சா நாளுக்கு எட்டு செகண்டு பிந்திரும். ஆறு கெடையிலயும் ஒவ்வொரு நாள் போட்டுப் பாத்தாத்தான் நல்ல கடியாரமா இல்லையான்னு வாயத் தொறக்க முடியும்."

"மனுசங்கள?" என்று கேட்டேன், சும்மா வம்புக்கு.

"மனுசங்களும் கெடைக்குக் கெடை மாறுறவங்கதானே" என்றார்.

வம்புக்குக் கேட்டதன் பலன் என் தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்த்தபோது கிடைத்தது. பையன் சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர், ஒரத்தநாட்டுப் பக்கம் சொந்த ஊர், நல்ல குடும்பம் என்று நான் வாயெல்லாம் பல்லாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பாய் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஆரம்பித்தார்.

"பசியா இருக்கையில பாத்தீங்களா? பஸ்ஸ விட்டுட்டு நிக்கையில? அவங்கம்மா பக்கத்துல இருக்கையில? கீழ வேலை பாக்குறவன்கிட்டப் பேசையில? தோத்துட்டு வரையில? சம்பளம் வந்த அன்னைக்கு?"

"அவருக்கு லீவே பதினஞ்சு நாள்தான் பாய்!"

எங்களால் முடிந்தது, மூன்று பக்கம் பார்த்தோம். கல்யாணம் நடந்தது. தங்கச்சி நன்றாகத்தான் இருக்கிறாள். இதை நான் ஒருநாள் வெற்றிக் களிப்போடு பாயிடம் சொன்னபோது, "எத்தன வருசம் ஆச்சு?" என்று கேட்டார். இரண்டு என்றேன். "பாப்போம்" என்றார். அந்த வாயை என்ன செய்வது, சொல்லுங்கள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை நான். அவர் அதைக் கவனித்த மாதிரியே தெரியவில்லை.

அவருக்கு உலகத்தில் ஒரே விரோதி தூசு. வந்து உட்கார்ந்ததோ நெல் விளைகிற சீமையில். தை பிறந்து சம்பா அறுப்பு தொடங்கிவிட்டால் எங்கள் ஊரில் காற்றே மஞ்சளாகிவிடும். அறுப்பு மெஷின் ஒரு பக்கம் புழுதியைக் கிளப்பும். வைக்கோல் ஏற்றிய லாரிகள் தெருவெல்லாம் உதிர்த்துக்கொண்டு போகும். ரோட்டிலேயே நெல்லைக் கொட்டிக் காயவைப்பார்கள், அதன் மேலேயே பஸ் போகும். நெல்லின் சுனை கழுத்தில் பட்டாலே நாளெல்லாம் அரிக்கும். "கடியாரத்துக்குள்ள ஒரு சுனை போச்சுன்னா வாய்க்கா மடையில மரம் விழுந்த மாதிரி" என்பார் பாய். அந்த ஒன்றரை மாதமும் ஜன்னலில் ஈரத் துணி தொங்கும். காலையில் ஊர் கிளம்புவதற்கு முன்னால் இரண்டு மணி நேரம் வேலை செய்வார், அப்புறம் எல்லாவற்றையும் கண்ணாடிக் கிண்ணங்களால் கவிழ்த்து மூடிவிட்டு காலேஜ் ஹாஸ்டலில் இருக்கும் மகளோடு போனில் பேசிக்கொண்டிருப்பார். வாசலை வெறுமனே பெருக்காதீர்கள், தண்ணீர் தெளித்துவிட்டுப் பெருக்குங்கள் என்று என்னிடம் ஒரே ஒரு தடவை கேட்டுக்கொண்டார். ஐந்து வருஷம் தெளித்தேன். என் வீட்டு வாசலுக்குக்கூட அவ்வளவு ஒழுங்காகத் தெளித்ததில்லை.

அவ்வளவு விலையுள்ள சாமானைக் கூரியரிலா அனுப்புவார்கள் என்று நீங்கள் கேட்கலாம். அனுப்புகிறார்கள். சென்னையிலிருந்து, கொச்சியிலிருந்து, பெங்களூரிலிருந்தெல்லாம் வரும். இங்கிருந்து போவதைப் பொட்டலம் கட்டுவது என் பொறுப்பு. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. பஞ்சு, அதன் மேல் குமிழ் வைத்த பிளாஸ்டிக் தாள், அதன் மேல் ஒரு பெட்டி, அந்தப் பெட்டிக்கு இன்னொரு பெட்டி. வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு முறுக்குப் பார்சல் மாதிரி இருக்க வேண்டும் என்பது என் ஏற்பாடு.

எந்தப் பெட்டியையும் திறந்து பார்த்துவிட்டு நாங்கள்தான் ஒட்ட வேண்டும் என்பது கூரியர் விதி. முதல் ஆறு பெட்டிகளுக்கும் பாய் என் மேஜை பக்கத்திலேயே நின்றார். என் கை போகிற இடமெல்லாம் அவர் கண் போனது. ஏழாவது பெட்டியைத் திறந்தபடி வைத்துவிட்டு, "ஒட்டிருங்க தங்கச்சி" என்று சொல்லி எதிர்க்கடைக்கு டீ குடிக்கப் போய்விட்டார். எனக்கு ஒரே ஆச்சரியம். கத்தரிக்காயை நம்பாத மனுஷன்! அன்றிலிருந்து எப்போதும் அப்படித்தான். திறந்த பெட்டி என் மேஜையில் இருக்கும், பாய் டீக்கடையில் இருப்பார். யாரிடமும் சொல்லிக்கொள்ள முடியாத ஒரு பெருமை எனக்கு.

இனி அந்தக் கடிகாரத்துக்கு வருகிறேன்.

சென்னையில் ஒரு கண் டாக்டர். கடிகாரப் பைத்தியம். மூன்று வருஷமாகத் தன் கடிகாரங்களை ஒவ்வொன்றாகப் பாயிடம் அனுப்பிப் பார்த்தவர். இந்தப் பித்துப் பிடித்த இன்னும் இருபது முப்பது பேர் சேர்ந்த வாட்ஸ்அப் குழு ஒன்று அவர்களுக்கு உண்டு. டாக்டர் சொல்லித்தான் அவர்கள் எல்லோரும் பாயிடம் அனுப்பத் தொடங்கினார்கள். பாயின் மாடிக்கு வந்த பெட்டிகளில் முக்கால்வாசி அந்தக் குழுவுடையவை. கம்ப்யூட்டரில் பதிகிறவள் நான், எனக்குத் தெரியாதா?

அந்த வருஷம் டாக்டர் அனுப்பியது சாதாரணக் கடிகாரம் இல்லை. சுவிட்சர்லாந்தில் ஒரு மலையூரில் புருஷனும் மனைவியுமாகச் செய்வதாம். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டுதான் முடியுமாம். உலகத்துக் கடிகாரக்காரர்கள் எல்லாம் போட்டிக்கு அனுப்பும் இடத்தில் பரிசு வாங்கிய கடிகாரம். பழுது என்று பெரிதாக இல்லை, பிரித்துத் துடைத்து எண்ணெய் விட வேண்டும். செய்தவர்களுக்கே அனுப்பினால் திரும்பி வர ஒன்றரை வருஷம் ஆகும் என்று டாக்டர் பாயை நம்பி அனுப்பிவிட்டார்.

பாய் என்னை மேலே கூப்பிட்டுக் காட்டினார். அப்படி அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. கண்ணில் வைத்துப் பார்க்கும் சின்ன பூதக்கண்ணாடியைக் கொடுத்தார். இடுக்கியில் ஒரு தகடு. என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிது. ஓரமெல்லாம் சரிவாகச் சீவி, அந்தச் சரிவு முகம் பார்க்கிற கண்ணாடி மாதிரி இருந்தது. உள்பக்கமாக மடங்குகிற ஒரு மூலையைக் காட்டினார்.

"இந்த உள்மூலை இருக்குல்ல, இத மெஷின் போட முடியாது. மெஷின் போட்டா மூலை உருண்டு போயிரும். இது ஆள் உக்காந்து அரம் வச்சு இழுத்து, அப்புறம் ஒரு செடியோட தண்டச் சீவி அதால தேய்ச்சுத் தேய்ச்சு எடுத்தது. இந்த ஒரு மூலைக்கு ஒரு நாள் ஆகும்."

பிறகு தகட்டைத் திருப்பினார். அடிப்பக்கம் முழுக்க ஒன்றின் மேல் ஒன்றாகச் சின்னச் சின்ன வட்டங்கள். மீன் செதில் மாதிரி வரிசை பிசகாமல் இருந்தது.

"இது உள்ள போயிருமே பாய். இத யாரு பாக்கப் போறா?"

"பரிசு குடுத்தவங்களே பாத்திருக்க மாட்டாங்க. பாக்காட்டியும் போட்டிருக்காங்க பாருங்க" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. பூதக்கண்ணாடி வைத்ததால் என்று நான் நினைத்துக்கொண்டேன். இல்லை, அழுதுதான் இருக்கிறார்.

நான்கு நாள் கழித்து, காலை பதினோரு மணி இருக்கும், பாய் கீழே வந்து என் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை. யாருக்கோ என்னமோ ஆகிவிட்டது என்று பயந்துபோனேன்.

"கீறல் போட்டுட்டேன் தங்கச்சி."

பாய் தினமும் வேலையில் உட்காருவதற்கு முன்னால் திருப்புளிகளின் முனையை ஒவ்வொன்றாகக் கல்லில் தீட்டுவார். முனை சரியாக இருந்தால் திருகின் வெட்டில் உட்காரும், இல்லையென்றால் வழுக்கும். அன்றைக்குக் கல்லை எடுத்து வைத்தபோது மகளிடமிருந்து போன். ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவம் படிக்கிற பெண், மூன்றாம் வருஷத்தில் எல்லாப் பாடத்திலும் பாஸ். "அத்தா, சர்ஜரியில நான்தான் முதல்!" என்று கத்தியிருக்கிறாள். அந்தச் சந்தோஷத்தில் கல்லை மறந்து நேரே கடிகாரத்தில் கை வைத்திருக்கிறார். தகட்டின் அடிப்பக்கத்தில் இருக்கும் ஒரு திருகு. முனை வழுக்கிவிட்டது.

மேலே போய்ப் பார்த்தேன். அவர் காட்டிய பிறகும் எனக்கு அரை நிமிஷம் ஆனது கண்டுபிடிக்க. பச்சைக் குழந்தையின் முடி விழுந்து கிடப்பது போல ஒரு கோடு.

"தேய்ச்சு எடுத்துருங்களேன் பாய்."

"எடுத்துரலாம். அது எனக்குத் தெரியும். ஆனா அது அவங்க ரெண்டு பேரோட கை. மேல நான் தேய்ச்சா என் கை ஆயிரும். அப்புறம் இது அவங்க செஞ்சதுன்னு சொன்னா பொய்தானே?"

மீதி வேலையை முடித்தார். ஆறு கிடையிலும் ஆறு நாள் வைத்துப் பார்த்தார். ஏழாம் நாள் திறந்த பெட்டியை என் மேஜையில் வைத்து, "ஒட்டிருங்க தங்கச்சி" என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போனார். கடிகாரத்தின் மேல் ஒரு கடிதம் மடித்து வைக்கப்பட்டிருந்தது.

எடுத்துப் படித்தேன். படித்திருக்கக் கூடாது.

'டாக்டர் அவர்களுக்கு ஸலாம். இந்தக் கடிகாரத்தின் மேல் தகட்டில், அடிப்பக்கம், இடது ஓரத் திருகுக்கு அருகில் மயிரிழை அளவு ஒரு கீறல் இருக்கிறது. அது செய்தவர்கள் போட்டதல்ல. என் கவனக்குறைவால் நான் போட்டது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தெரியாவிட்டாலும் இருக்கிறது.' கீழே கையெழுத்து, ஊர், தேதி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நல்ல மனுஷன் தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்கிறாரே! இந்தக் கடிகாரத்தை அடுத்து யாராவது பிரிக்கவே ஏழெட்டு வருஷம் ஆகும் என்று அவரே சொல்லியிருக்கிறார். டாக்டருக்குக் கோபம் வந்தால் அந்தக் குழுவே போய்விடும். மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது. இதெல்லாம் நினைத்து முடிப்பதற்குள் என் கை முந்திக்கொண்டது. கடிதத்தை மேஜை டிராயரில், டேப் கட்டுக்களுக்கு அடியில் தள்ளினேன். பெட்டியை ஒட்டினேன்.

பாய் வாயைத் துடைத்துக்கொண்டே வந்தார். "ஒட்டியாச்சா?"

"ஆச்சு பாய்" என்றேன். பொய் இல்லையே, ஒட்டியாகத்தானே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

முதல் இரண்டு வாரம் எனக்கு ஒரே நிம்மதி. அப்புறம்தான் கவனித்தேன், சென்னையிலிருந்து பெட்டி எதுவும் வரவில்லை. கொச்சியிலிருந்து ஒன்று வந்தது. அதற்குப் பிறகு அதுவும் இல்லை. காலையில் படியேறுவதற்கு முன் பாய் என் வாசலில் நிற்பார்.

"நமக்கு ஏதாச்சும் வந்திருக்கா?"

"இல்ல பாய்."

"சரி" என்று மேலே போவார். ஒரு மாதம் இதே பேச்சு. மேலே அவர் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும். வேலை இருக்கும்போது அவர் நடக்க மாட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் அவரை நிறுத்தி, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "நீங்க கீறல் கதைய அவருகிட்ட சொல்லாமலே இருந்திருக்கலாம் பாய்" என்றேன். கடிதம் என் டிராயரில் இருக்கிற தைரியத்தில்தான் சொன்னேன்.

"எப்படிச் சொல்லாம? அன்னைக்கே போன்ல சொல்லிட்டேன்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "டாக்டருக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியுமே. பெரிய மனுசன், ஒரு வார்த்தை கோவப்படல. 'பாய், இத உங்க கையால எழுதிப் பெட்டியில வச்சு அனுப்புங்க, கடியாரத்தோட அது இருக்கணும்'னாரு. எழுதி வச்சேன்ல. அதுக்கப்புறம்தான் மனசு விட்டுப்போச்சு போல. படிச்சுப் பாக்கையில வருத்தம் வந்திருக்கும். கீறல் போட்டது நான்தானே, அவர எப்படிக் குத்தம் சொல்றது?"

டாக்டர் கோபித்துக்கொண்டது கீறலுக்கு இல்லை. பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார், கேட்ட கடிதம் இல்லை. போனில் ஒப்புக்கொண்ட மனுஷன் எழுத்தில் தரப் பயந்து நழுவிவிட்டார் என்று நினைத்திருக்கிறார். கேட்டால் சண்டை, பெரிய மனிதர்கள் சண்டை போடுவதில்லை, நிறுத்திக்கொள்கிறார்கள். உண்மையை மறைக்கத் தெரியாத ஒரு ஆளை நான் பொய்யர் ஆக்கிவிட்டேன். அதுவும் அவர் மேல் உள்ள பாசத்தில்.

டிராயரைத் திறந்து கடிதத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேன். பாய் அதை எடுத்துப் பிரித்தார். தன் கையெழுத்தைப் பார்த்தார். திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். மறுபடியும் மடித்தார்.

"நான்தான் பாய்" என்றேன். "உங்களுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுன்னு..."

கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு படியேறிப் போய்விட்டார்.

ஆறு நாள் அவர் என்னோடு பேசவில்லை. முதல் நாள் அழுதேன். மூன்றாம் நாள் கோபம் வந்தது. நல்லதுக்குத்தானே செய்தேன், இதற்குப் போய் ஒரு மனுஷன் இப்படி முகம் கொடுக்காமல் போவாரா என்று. ஐந்தாம் நாள் ஆபீஸைப் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்தேன். வாசலுக்குத் தண்ணீர் தெளிப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஏழாம் நாள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"ஆறு பக்கமும் பாத்துட்டேன் தங்கச்சி. அஞ்சு பக்கத்துல நீங்க எனக்காகத்தான் செஞ்சிருக்கீங்கன்னு தெரியுது. ஒரு பக்கத்துல நீங்க என்னைய நம்பலன்னு தெரியுது."

"உங்களையா பாய்? நானா நம்பல?"

"உண்மையச் சொல்லிட்டும் நான் பொழச்சுக்குவேன்னு நீங்க நம்பல."

இத்தனை வருஷத்தில் என்னிடம் யாரும் சொன்னதிலேயே சரியான வார்த்தை அதுதான். சுருக்கென்று தைத்தது.

"இப்பவே டாக்டருக்குப் போன் போட்டு நானே சொல்லிர்றேன்."

"போன் காத்தோட போயிரும். அந்தப் பெட்டியில இருக்க வேண்டியது காயிதம். நான் சொல்லி எழுத வேணாம். நீங்களா எழுதுங்க."

எழுதினேன். ஒரு முழுப் பக்கம். பாய் பச்சைப் பிள்ளை மாதிரி என்றும், அவருடைய மகள் படிப்பு என்றும், நல்ல எண்ணத்தில் செய்துவிட்டேன் என்றும் உருக்கமாக எழுதிக் காட்டினேன். பாய் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது கீறல் மேல தேய்க்கிறது."

இரண்டாவது தடவை அரைப் பக்கம். அதையும் திருப்பிக் கொடுத்தார். நான்காவது தடவை எழுதியதுதான் தேறியது. 'பாய் எழுதி வைத்த கடிதத்தைப் பெட்டியிலிருந்து எடுத்தவள் நான். அவருக்கு அது தெரியாது.' கீழே என் பெயர், முகவரி, தேதி. பாய் பூதக்கண்ணாடி இல்லாமலே படித்தார். இரண்டு கடிதங்களையும் ஒரே உறையில் வைத்து நானே அனுப்பினேன், என் செலவில்.

பத்து நாள் கழித்து டாக்டரிடமிருந்து ஒரு பெட்டி வந்தது. உள்ளே பழுது பார்க்க இன்னொரு கடிகாரமும் ஒரு சீட்டும். 'உங்களிடம் கேட்காமல் முடிவு கட்டியது என் தவறு. இரண்டு கடிதங்களும் அந்தக் கடிகாரத்தின் பெட்டியிலேயே இருக்கின்றன. என் பிள்ளைகள் அதை யாருக்குக் கொடுத்தாலும் இவற்றோடுதான் கொடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன்' என்று எழுதியிருந்தார். பாய் படித்துக் காட்டியபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கடிகாரம் நூறு வருஷம் ஓடும் என்று இந்த மனுஷன்தானே சொன்னார்! என் பேரன் பேத்திகளுக்கே தெரியாத என் திருட்டை யாரோ ஒரு வெள்ளைக்காரர் படித்துக்கொண்டிருக்கப் போகிறார்.

"பரவால்ல. என் பேரும் கூடத்தான் இருக்கு" என்றார் பாய்.

அந்தக் குழுவில் எல்லோரும் திரும்பி வரவில்லை. பாதிப் பேர் வந்தார்கள். பாய்க்கு அது போதுமாக இருந்தது. மகள் படித்து முடித்தாள். அவளுக்கு வேலை கிடைத்த ஊருக்கே இவரும் போய்விட்டார். மேற்கே, மலைப்பக்கம், அறுப்புத் தூசு இல்லாத ஊர். மாடியறையில் இப்போது ட்யூஷன் நடக்கிறது. நாள் முழுக்கப் பெஞ்சு இழுக்கிற சத்தம். போன மாதம் பாய்க்குப் போன் செய்து, "தங்கச்சிக்குக் கல்யாணமாகி ஏழு வருசம் ஆச்சு, இப்ப என்ன சொல்றீங்க?" என்று கேட்டேன். "மாப்ளைய நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் ஒரு சான்றிதழை யாரும் வாங்க முடியாது.

ஆனால் அவரை நினைக்கும்போது எனக்கு முதலில் நினைவுக்கு வருவது வேறு. டாக்டரின் சீட்டு வந்த பிறகு, வேலை முடிந்த முதல் பெட்டியைப் பாய் கொண்டுவந்தபோது, டீக்கடைக்குப் போகவில்லை. என் மேஜை பக்கத்தில் நின்றார். நான் பஞ்சு வைப்பதை, தாள் சுற்றுவதை, டேப் ஒட்டுவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பழைய மாதிரி என் கை போகிற இடமெல்லாம் அவர் கண். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் கேட்க எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? இரண்டாவது பெட்டிக்கும் நின்றார். மூன்றாவதற்கும். மழை கொட்டிய ஒருநாள் நான்காவதற்கும் நனைந்த சட்டையோடு நின்றார். நான் எண்ணிக்கொண்டே வந்தேன். ஐந்து. ஆறு.

ஏழாவது பெட்டியைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். மூடி திறந்திருந்தது. கடிகாரத்தின் மேல் ஒரு கடிதம் மடித்து வைத்திருந்தார்.

"ஒட்டிருங்க தங்கச்சி" என்றார்.

தெருவைக் கடந்து டீக்கடைக்குப் போனார். பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். நான் கடிதத்தைத் தொடாமல், அதன் மேலேயே பஞ்சை வைத்து, கண்ணைத் துடைத்துத் துடைத்து டேப்பை ஒட்டினேன். ஒட்டி முடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் பாய் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.